அந்த 60 என்ற எண் எங்கே எழுதியிருக்கிறது?

நம் கடற்படையின் அடுத்த டெஸ்ட்ராயர் போர்க்கப்பலை வரைந்துகொண்டிருக்கும் புது தில்லிப் பொறியாளர்களுக்கு, மும்பை சாக்கிநாக்காவிலிருந்து ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

நான் கடற்படையில் இருந்தவன் இல்லை. கப்பல் வடிவமைப்பு படித்தவனும் இல்லை. சாக்கிநாக்காவில் ஒரு சந்துக்குள் பட்டறை வைத்திருக்கிறேன். மூன்று லேத், ஒரு மில்லிங் மெஷின், பழைய கிரைண்டர் ஒன்று, ஆட்கள் ஐந்து பேர். போர்க்கப்பல்களுக்குப் போகிற சின்னச் சின்ன உதிரிபாகங்கள், அதாவது புஷ், ஸ்லீவ், வால்வு ஸ்பிண்டில், பம்ப்புக்குள் சுழலும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லர் மாதிரியானவை, இரண்டு மூன்று கை மாறி எங்களிடம் ஆர்டராக வரும். செய்து கொடுப்போம். எந்தக் கப்பலுக்கு என்று கேட்காதீர்கள், எங்களுக்கே தெரியாது. பார்ட் நம்பர் வரும், எண்ணிக்கை வரும், கெடு தேதி வரும். அதற்கு மேல் நாங்கள் கேட்பதும் இல்லை.

தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் எழுதினால் 'சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பப்பட்டது' என்று ஒரு வரி பதில் வந்து முடிந்துவிடும். உங்கள் கணினித் திரைகளுக்கு முன்னால் நாகர்கோவில், திருச்சி, சேலம் பக்கத்துப் பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பார்கள் என்று நம்புகிறேன். அவர்களில் ஒருவர் படித்துவிட்டு மதியச் சாப்பாட்டின்போது பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னால் போதும்.

எனக்கும் கப்பலுக்கும் உள்ள உறவு அப்பாவிடமிருந்து வந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்து, அங்கிருந்து தினமும் மஜ்காவ் டாக் கப்பல் கட்டும் தளத்துக்குப் போய் வெல்டிங் வேலை பார்த்தவர். பிரிட்டிஷ் வடிவமைப்பான லியாண்டர் வகையில் இந்தியாவில் கட்டிய முதல் கப்பலான நீல்கிரியில் வேலை செய்ததைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அது 1972-ல் கடற்படையில் சேர்ந்தது. இந்தியாவிலேயே வடிவமைத்த கோதாவரி 1983-ல் சேர்ந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அந்தக் கப்பலைப் பற்றி அப்பா சொன்ன ஒரு விஷயம் இப்போதும் ஞாபகம் இருக்கிறது. "உடம்பு இங்கிலீஷ்காரன் மாதிரி, கை ரஷ்யாக்காரன் மாதிரி. ரெண்டுக்கும் வேற வேற கரண்டு வேணும்டா" என்பார். விவரம் பிற்பாடுதான் புரிந்தது. பிரிட்டிஷ் வழியில் வந்த கப்பல்களின் மின்சாரம் 440 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். சோவியத் கருவிகள் 380 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் ஓடுபவை. இரண்டையும் ஒரே வீட்டில் குடிவைத்தால் நடுவில் ஒரு ரக மின்சாரத்தை இன்னொன்றாக மாற்றித் தரும் கருவிகள் வேண்டும், அவற்றுக்கும் உதிரிபாகம் வேண்டும். சம்பந்தி வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் ஒரே சமையலறையில் சமைப்பது போலத்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ஸ்லீவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பல வருடங்களுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் ஓர் ஆர்டர் வந்தது. பம்ப் ஒன்றின் தண்டின் மேல் மாட்டுகிற குழல் போன்ற ஸ்லீவ், நாலு பீஸ். எண்ணெய் ஒழுகாமல் தடுக்கிற சீல் அதன் மேல்தான் உட்காரும். வரைபடம் கிடையாது. பழைய ஸ்லீவ் ஒன்றைப் பழந்துணியில் சுற்றிக் கொடுத்து, "இதைப் போலவே செய்து கொடுங்கள்" என்றார்கள். பார்க்கப் பளபளவென்று சுத்தமாக இருந்தது. மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தேன்: வெளிவிட்டம் 59.4 மிமீ. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே அளவு. பொருள் என்னவென்று ஸ்பெக்ட்ரோ சோதனைக்கு அனுப்பினோம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று வந்தது. அதே பொருளில், அதே அளவில், நாலு பீஸ் செய்து, எண்ணெய் தடவி, காகிதம் சுற்றிக் கொடுத்தோம். பில்லும் பாஸானது.

ஒரு மாதம் கழித்து, ஆர்டரைக் கொண்டுவந்த மனிதர் நேரில் வந்தார். அவரும் நம்மூர்ப் பக்கம்தான். உட்காரக்கூட இல்லை. "அண்ணாச்சி, சீலும் புதுசு, ஸ்லீவும் புதுசு. எண்ணெய் மட்டும் பழையபடி ஒழுகுது" என்றார்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. எங்கள் பட்டறையில் மராத்திக்காரர் ஒருவர் முப்பது வருடமாக டர்னராக இருந்தார், எல்லோரும் காகா என்போம். அவர் பழைய ஸ்லீவை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில் யாரோ ஏற்கெனவே ஒரு கட் எடுத்திருக்கிறான்" என்றார். டூல் ஓடிய வரி மிக மெல்லியதாகத் தெரிந்தது. அந்த வரியின் மேல் உப்புத்தாள் போட்டு மெருகேற்றியிருந்தார்கள். அப்புறம் நாக்தேவித் தெருவுக்குப் போனோம். அங்கே சீல் விற்கிற கடைக்காரர் அட்டவணைப் புத்தகத்தைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "60-க்கு சீல் உண்டு. 59.4-க்கு உலகத்தில் எவனும் சீல் செய்ய மாட்டான்" என்றார்.

நடந்தது இதுதான். அசல் ஸ்லீவ் 60 மிமீ. அதன் மேல் கடினமான பூச்சு ஒன்று இருந்திருக்கிறது. வருடக்கணக்கில் சீல் உரசி அதில் பள்ளம் விழுந்திருக்கிறது. எங்களுக்கு முன்னால் யாரோ ஒருவர், ஏதோ ஒரு துறைமுகத்தில், புது ஸ்லீவ் கிடைக்காமல், பள்ளம் போகிற அளவுக்குக் கடைந்து, மெருகேற்றி, மறுபடி மாட்டிவிட்டிருக்கிறார். பூச்சும் அதோடு போயிற்று. அவரைக் குறை சொல்ல மாட்டேன், அன்றைக்குக் கப்பல் கிளம்ப வேண்டியிருந்திருக்கும். அந்த அவசர வேலையைத்தான் நான் அசல் என்று நினைத்து, நூலிழை பிசகாமல் நாலு தடவை நகலெடுத்திருக்கிறேன். தேய்மானத்தையே தயாரித்து விற்றிருக்கிறேன்.

60 மிமீ, இத்தனை மைக்ரான் ஏற்ற இறக்கம், இன்ன பூச்சு, இன்ன தடிமன். இது ஒரு தாளில் எங்கோ எழுதியிருந்திருக்கும். அந்தப் பம்ப்பைச் செய்தவரின் அலமாரியில், ஏதோ ஒரு நாட்டில். கப்பலை வாங்கும்போது அந்தத் தாளை வாங்கவில்லை. இந்த மடல் முழுவதும் அந்தத் தாளைப் பற்றித்தான்.

நீங்கள் வரைகிற கப்பல் எத்தனை வருடம் கடலில் இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஐஎன்எஸ் ராஜ்புத் 1980-ல் சேர்ந்து 2021 மே மாதம் விடைபெற்றது. 41 வருடம். நடுவில் பிரம்மோஸ் ஏவுகணையை முதன்முதலாகச் சுமந்த கப்பல் என்ற பெயரையும் வாங்கிக்கொண்டது. அந்த 41 வருடத்துக்குள் அதைக் கட்டிக்கொடுத்த நாடே வரைபடத்திலிருந்து போய்விட்டது. ஐஎன்எஸ் டெல்லியின் கதை இன்னும் கொடுமை. 1991 பிப்ரவரியில் மஜ்காவ் டாக்கில் தண்ணீரில் இறங்கியது, அந்த டிசம்பரில் சோவியத் யூனியன் இல்லை. ஏவுகணை, ரேடார் என்று அதற்கு வர வேண்டிய பல சாமான்களுக்கு ஆர்டர் வாங்கியவர்கள் யார், யாரிடம் கேட்பது என்றே தெரியாத காலம் அது. கப்பல் கடற்படையில் சேர 1997 நவம்பர் ஆகிவிட்டது. அப்பா அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். ஆறு வருடத்துக்கு மேல் ஒரு கப்பலைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போய் வந்ததைச் சொல்லிச் சிரிப்பார்.

உக்ரைனில் மிகோலாயிவ் என்று ஒரு நகரம். ராஜ்புத் வகைக் கப்பல்கள் ஐந்தும் அங்கேதான் கட்டப்பட்டன. இன்றைக்கு நம்முடைய புதிய டெஸ்ட்ராயர்களான விசாகப்பட்டினம், மோர்முகாவ், இம்பால், சூரத் நான்கையும், அவற்றுக்கு முந்திய கொல்கத்தா, கொச்சி, சென்னை மூன்றையும் தள்ளுகிற கேஸ் டர்பைன்கள் வருவதும் அதே ஊரிலிருந்துதான். ஒரு கப்பலுக்கு நான்கு டர்பைன். 2022-லிருந்து அந்த ஊர் போர்முனைக்குப் பக்கத்தில் குண்டு வாங்கிக்கொண்டிருக்கிறது. 2014-க்குப் பிறகு அதே டர்பைன் கிடைக்காமல் ரஷ்யாவின் புதுப் போர்க்கப்பல்கள் வருடக்கணக்கில் பாதியில் நின்றதையும், நம்முடைய துஷில், தமால் கப்பல்களுக்கு இந்தியாவே உக்ரைனிடம் டர்பைன் வாங்கி ரஷ்யத் தளத்துக்குக் கொடுக்க வேண்டியிருந்ததையும் நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். டர்பைன்களைப் பிரித்துப் பழுது பார்க்க விசாகப்பட்டினத்தில் ஐஎன்எஸ் எக்சிலா இருக்கிறது, அது பெரிய பலம். ஆனாலும் பிரித்துப் பார்க்கத் தெரிவது வேறு, உள்ளே இருக்கிற பிளேடைச் செய்யத் தெரிவது வேறு. டர்பைன் பிளேடு எங்கள் மாதிரிப் பட்டறைக்காரர்களின் வேலை இல்லை, அதைப் பற்றி நான் பேச வரவும் இல்லை. அதைச் சுற்றி இருக்கிற எண்ணெய்ப் பம்ப்பும் வடிகட்டியும் வால்வும் எங்கள் வேலை. பெரிய எந்திரங்கள் நிற்பது பல சமயம் இந்தச் சின்னதுகளால்தான்.

கடைவீதியில் கிடைப்பதை மாட்டிக்கொண்டால் என்ன என்று வெளியாட்கள் கேட்பார்கள். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். கடல் தண்ணீரில் சாதாரணப் பித்தளையை விட்டால் அதிலுள்ள துத்தநாகம் மட்டும் கரைந்து போய், செம்பு பஞ்சு மாதிரி மிஞ்சும். பார்க்க முழு வால்வாகத்தான் இருக்கும், ஸ்பேனர் வைத்தால் பொரி மாதிரி உதிரும். வீட்டு அடுக்களை ஸ்டீல் ரகத்தைப் போட்டால் உப்பு அதில் ஊசி குத்தியது போலத் துளை போடும். அதனால்தான் இம்பெல்லருக்கு நிக்கல் அலுமினிய வெண்கலம், குழாய்க்குச் செம்பு நிக்கல் கலவை. வார்ப்பிரும்பு விலை குறைவு, ஆனால் பக்கத்தில் கண்ணிவெடி வெடித்தால் அதிர்ச்சியில் பீங்கான் மாதிரி உடையும். கடைசியாகச் சத்தம். ஒரு பம்ப்பின் பேரிங்கை வேறு ரகத்துக்கு மாற்றினால் ஓடத்தான் செய்யும், ஆனால் அதன் முனகல் கப்பலின் அடித்தளம் வழியாகத் தண்ணீருக்குள் போகும். நீர்மூழ்கியில் காது வைத்து உட்கார்ந்திருப்பவனுக்கு அது போதும். எந்திரத்துக்குக் கீழே வைக்கிற ரப்பர் மெத்தைகூட அலமாரியில் இருந்தபடியே வயதாகி இறுகிவிடும்.

ஆக, ஒரு புஷ்ஷுக்கு அளவு மட்டும் தெரிந்தால் போதாது. பொருள், சூட்டுப் பதம், பூச்சு, மேற்பரப்பின் வழவழப்பு, சோதனை முறை எல்லாம் தெரிய வேண்டும். ஸ்கேன் செய்து முப்பரிமாண அச்சு எடுத்துவிடலாமே என்று இப்போது இளைஞர்கள் சொல்கிறார்கள். நல்ல தொழில்நுட்பம், நானும் வாங்கலாம் என்று பார்க்கிறேன். ஆனால் என்னிடம் வந்த அந்த 59.4 ஸ்லீவை ஸ்கேன் செய்திருந்தால் ஸ்கேனர் என்ன சொல்லியிருக்கும்? 59.400 என்று இன்னும் துல்லியமாகத் தப்பாகச் சொல்லியிருக்கும்.

வெளிநாட்டுக்காரர்கள் இதையெல்லாம் சரியாகச் செய்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பிரிட்டிஷ் கடற்படையின் டைப் 45 டெஸ்ட்ராயர் ஆறு கப்பல். காற்றை இடையில் குளிர்வித்து, புகையின் சூட்டைத் திருப்பிப் பயன்படுத்துகிற, எண்ணெய் மிச்சம் பிடிக்கிற அருமையான டர்பைன். வளைகுடாவின் வெதுவெதுப்பான தண்ணீருக்குப் போனதும் அதன் சக்தி குறைந்தது. கூட இருந்த இரண்டு டீசல் ஜெனரேட்டர்களால் மிச்சச் சுமையைத் தாங்க முடியவில்லை. கப்பல் முழுக்க விளக்கு அணைந்து கடலில் நின்றது. தீர்வு என்ன தெரியுமா? பழைய இரண்டு டீசலையும் எடுத்துவிட்டு, பெரிதாக மூன்று வைப்பது. ஆனால் அவற்றை வெளியே எடுக்க வழி வைக்கவில்லை. பக்கச்சுவரை வெட்டித்தான் எடுத்தார்கள். டான்ட்லெஸ் என்ற கப்பலில் தொடங்கி ஒவ்வொன்றாக அந்த அறுவைச் சிகிச்சை நடக்கிறது. டர்பைனை வெளியே எடுக்கக் காற்று இழுக்கும் புழையிலேயே தண்டவாளம் போடுகிற வழக்கம் பல கடற்படைகளில் உண்டு. நன்றாக யோசித்த கப்பலில் சில நாட்களில் மாற்றிவிடலாம். அதே கவனம் ஜெனரேட்டருக்கும், குளிரூட்டும் எந்திரத்துக்கும், அடித்தட்டில் மூலையில் கிடக்கிற தண்ணீர்ப் பம்ப்புக்கும் வேண்டும். அப்பா ஒரு கதை சொல்வார்: பம்ப்பை அதன் இடத்தில் வைத்த பிறகு, அதற்கு முன்னால் குழாய்க்காரர்கள் வந்து குழாய் போடுவார்கள், குழாய்க்கு முன்னால் மின்சாரக்காரர்கள் கேபிள் தட்டு அடிப்பார்கள். "பொண்ணைக் கட்டிக் கொடுத்தாச்சு, இனி திரும்பி வர வழி இல்லை" என்று சிரிப்பார்களாம்.

அமெரிக்காவின் சும்வால்ட் வகை டெஸ்ட்ராயர் கதை எனக்கு இன்னும் பிடிக்கும், கொஞ்சம் குரூரமான ரசனைதான். 32 கப்பல் கட்டுவதாகத் திட்டம். கப்பலுக்கு இரண்டு 155 மிமீ பீரங்கி. அந்தப் பீரங்கிக்கென்றே தனியாக ஒரு குண்டு, வேறு எதுவும் அதில் போகாது. கப்பல் எண்ணிக்கை 32-லிருந்து 3-க்கு இறங்கியது. குண்டு செய்கிறவனுக்கு ஆர்டர் சுருங்கியதும் ஒரு குண்டின் விலை சுமார் 8 லட்சம் டாலருக்கு ஏறிவிட்டது. 2016-ல் போதும் என்று நிறுத்திவிட்டார்கள். பீரங்கி இருக்கிறது, சுட ஒன்றும் இல்லை. இப்போது பீரங்கிகளையே கழற்றிவிட்டு ஏவுகணைக் குழாய் வைக்கிறார்கள்.

இந்தக் கணக்கை நான் தினமும் பார்க்கிறேன், டாலரில் இல்லை, அவ்வளவுதான். நாலு இம்பெல்லர் வேண்டும் என்று ஆர்டர் வரும். இம்பெல்லரை வார்க்க முதலில் மரத்தில் பேட்டர்ன், அதாவது வார்ப்பு அச்சு எடுக்கிற மாதிரி வடிவம், செய்ய வேண்டும். பேட்டர்ன் செய்கிற ஆசாரிகள் இப்போது குறைந்துவிட்டார்கள். மும்பையில் இருக்கும் ஒன்றிரண்டு பேர் பிசி என்றால் கோயம்புத்தூருக்குத்தான் அனுப்புவேன், பம்ப் ஊர் அது, இம்பெல்லரின் வளைவை அங்கே யாருக்கும் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. பேட்டர்ன் கூலி, அதற்குப் பிறகு வார்ப்பு, கடைசல், சமநிலைச் சோதனை, விரிசல் பார்க்கிற சாயச் சோதனை, சான்றிதழ். நாலு இம்பெல்லருக்கான விலையில் பாதி பேட்டர்னிலேயே போய்விடும். ஆறு வருடம் கழித்து இன்னும் இரண்டு வேண்டும் என்பார்கள். அப்போது குறைந்த விலை போட்டவன் நானாக இருக்க மாட்டேன், வேறு ஒருவன். அவன் மறுபடி பேட்டர்ன் செய்வான், மறுபடி தேய்ந்த சாம்பிளிலிருந்து. என் பேட்டர்ன் என் பட்டறைப் பரணில் கரையான் அரித்துக் கிடக்கும். அரசாங்கப் பணம் ஒரே இம்பெல்லரின் அச்சுக்கு மூன்று தடவை போகும், மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் வேறாக இருக்கும்.

இந்த ஊரின் பழைய டாக்யார்டில் ஒரு காலத்தில் இது எவ்வளவு எளிதாக இருந்தது என்று நினைத்துப் பார்ப்பேன். 1735-ல் சூரத்திலிருந்து லவ்ஜி வாடியா வந்து பம்பாயில் கப்பல் தளத்தைத் தொடங்கினார். அவருடைய வம்சத்தார் 1817-ல் இங்கே தேக்கில் கட்டிய ஒரு போர்க்கப்பலுக்குத் திருகோணமலையின் பெயர். அது இன்றைக்கும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. அந்தக் காலத்துக் கப்பலின் உதிரிபாகம் என்பது மரமும் கயிறும் பாயும்தான், வரைபடம் தச்சன் தலைக்குள் கூடவே பயணம் செய்தது. மரம் இல்லாத கரையே கிடையாது. இன்றைய டெஸ்ட்ராயர் 163 மீட்டர் நீளம், 7400 டன். அதற்குள் இருக்கும் பொருட்களில் எத்தனை ஆயிரத்துக்கு வரைபடம் நம் கையில் இல்லை என்பதுதான் கேள்வி.

இம்பால் கடற்படையில் சேர்ந்தபோது அதில் 75 சதவீதம் உள்நாட்டுப் பொருள் என்றார்கள். பெருமையான விஷயம், அதில் என் கையெழுத்தும் எங்காவது ஓரத்தில் இருக்கலாம். கப்பலின் எஃகே நம்முடையது, ஐதராபாத் ஆய்வகம் உருவாக்கியது. அப்பா காலத்தில் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் சதவீதம் ரூபாயை எண்ணுகிறது. கப்பல் ரூபாயால் நிற்பதில்லை, ஒரு ரிங்கால் நிற்கிறது. உள்நாட்டில் பொருத்திய பம்ப் ஒன்றுக்குள் வெளிநாட்டு சீல் இருந்தால், வரைபடமும் அங்கேயே இருந்தால், கணக்கில் அந்தப் பம்ப் நம்முடையது, கெட்டுப்போகும் நாளில் அவர்களுடையது.

2020-ல் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஸ்ரிஜன் இணையதளம் வந்து, வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிற பொருட்களைப் பட்டியல் போட்டு, யார் செய்து தருகிறீர்கள் என்று கேட்டது நல்ல காரியம். எங்களைப் போன்றவர்கள் இருக்கிறோம் என்பதை ஒருவர் ஒப்புக்கொண்டது போல இருந்தது. ஆனால் அது கப்பல் கட்டி முடித்த பிறகு நடக்கிற தேடல். தேட வேண்டிய அவசியமே இல்லாமல் செய்கிற இடம் உங்கள் மேசைதான்.

என்ன கேட்கிறேன் என்று நேரே சொல்லிவிடுகிறேன். ஒரு பம்ப்பையோ வால்வையோ கம்ப்ரஸரையோ உங்கள் வரைபடத்தில் குறிக்கும்போது, தேய்கிற பாகங்களின் தயாரிப்பு வரைபடத்தையும் சேர்த்துக் கேளுங்கள். ஸ்லீவ், சீல், இம்பெல்லர், புஷ், ஸ்பிரிங், வால்வு இருக்கை, கேஸ்கெட், இவ்வளவுதான். ரேடாரின் ரகசியமோ ஏவுகணையின் கண்ணோ எங்களுக்கு வேண்டாம். அந்த வரைபடத்தின் உரிமை கடற்படையின் பெயரில் இருக்கட்டும், தருகிறவர் அதற்குக் கொஞ்சம் அதிக விலை கேட்டால் கொடுங்கள். கப்பல் வாங்குகிற அன்றைக்குத்தான் பேரம் பேசுகிற கை நம்முடையது. மாட்டிய பிறகு அது அவர்கள் கைக்குப் போய்விடும். தர மாட்டேன் என்கிற நிறுவனத்தின் பம்ப்பை முடிந்தவரை தவிருங்கள். அது அரை சதவீதம் திறன் குறைந்த பம்ப்பாக இருந்தாலும் பரவாயில்லை என்பது என் அபிப்பிராயம், உங்களில் சிலர் முகம் சுளிப்பீர்கள்.

பேட்டர்னும் அப்படியே. ஒரு தடவை பணம் கொடுத்துச் செய்த பேட்டர்ன் கடற்படையின் சொத்தாக இருந்து, காட்கோபரில் இருக்கிற கடற்படைக் கிடங்கு மாதிரி ஓர் இடத்தில் எண் போட்டு வைத்திருந்தால், அடுத்த டெண்டரில் ஜெயிக்கிறவன் எடுத்துக்கொண்டு போகட்டும். அது நானாக இல்லாவிட்டாலும் சரி.

அப்புறம் வகைகளைக் குறையுங்கள். ஒரே வேலைக்கு மூன்று கப்பலில் மூன்று பம்ப் என்றால் கிடங்கில் மூன்று அலமாரி. பிரிட்டிஷ் மரைக்கு 55 டிகிரி, மெட்ரிக் மரைக்கு 60 டிகிரி. இரண்டும் ஒரே கப்பலில் இருந்தால் ஒருநாள் அவசரத்தில் யாராவது ஒன்றில் மற்றதைப் போட்டு முறுக்குவார்கள். இரண்டு சுற்று போகும், மூன்றாவதில் இறுகும், இறுகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள். எனக்கு அப்படி ஒரு போல்ட் வந்திருக்கிறது, ஆராய்ச்சிக்காக. அமெரிக்காவின் அர்லி பர்க் வகை டெஸ்ட்ராயரில் முதல் கப்பல் 1991-ல் சேர்ந்தது, இன்றைக்கும் அதே வரிசையைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், எழுபதைத் தாண்டிவிட்டது, எல்லாவற்றுக்கும் அதே எல்எம் 2500 ரக டர்பைன் நான்கு. அந்தக் கப்பல்களில்கூட நடுவில் ஆசை வந்து, வேகம் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலை எடுத்துவிட்டுத் தொடுதிரை வைத்தார்கள். 2017-ல் சிங்கப்பூர் அருகே அந்த வகையைச் சேர்ந்த மெக்கெய்ன் என்ற கப்பல் மோதிப் பத்து மாலுமிகள் செத்த பிறகு, 2019-ல் மறுபடி நெம்புகோலுக்கே திரும்புவதாகச் சொன்னார்கள். அந்த நெம்புகோலை உடைந்தால் நான்கூடச் செய்து தருவேன். தொடுதிரைக்குள் இருக்கிற சில்லைச் செய்கிற நிறுவனம் பத்து வருடத்தில் அந்த ரகத்தையே நிறுத்திவிடும். மின்னணுப் பெட்டிகளைப் பற்றி எனக்கு இதற்கு மேல் தெரியாது, உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஒரே ஒரு யோசனை மிச்சம் இருக்கிறது. கப்பல் வடிவமைப்பு இறுதியாவதற்கு முன், ஒரு நாள் டாக்யார்டில் பழுது பார்க்கிற ஃபிட்டர்கள் பத்துப் பேரைக் கூப்பிட்டு, திரையில் அந்த எந்திர அறையைக் காட்டுங்கள். அதிகாரிகளை வெளியே டீ குடிக்க அனுப்பிவிடுங்கள். "இந்தப் பம்ப்பை எப்படிக் கழற்றுவீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். முதல் அரைமணி நேரம் யாரும் பேச மாட்டார்கள். அப்புறம் நிறுத்த முடியாது.

அந்தப் பழைய ஸ்லீவ் என்னிடம்தான் இருக்கிறது. திருப்பிக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. பிறகு 60-க்கு மறுபடி செய்து கொடுத்த நாலு புது ஸ்லீவுகள் எங்கே ஓடுகின்றனவோ தெரியாது, திரும்பி வரவில்லை. பழையது என் மேசையில் கோட்டேஷன் காகிதங்கள் பறக்காமல் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. காகா காட்டிய அந்த டூல் வரி வெளிச்சத்தில் பிடித்தால் இன்னும் தெரியும். உங்களில் யாராவது மஜ்காவ் டாக்குக்கு வேலையாக வந்தால் மெட்ரோ பிடித்து சாக்கிநாக்கா வரை வாருங்கள், மைக்ரோமீட்டரோடு எடுத்துக் காட்டுகிறேன். பட்டறை ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூடியிருக்கும்.

இப்படிக்கு,
சாக்கிநாக்காவிலிருந்து ஒரு லேத் பட்டறைக்காரன்